பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

முதல் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு தொடங்கும் முன் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்வதே பிழைப்பாக முப்பது வருஷம் ஓட்டியவளுக்கு ஒரு மூச்சுச் சத்தம் ஒரு பொருட்டா? பெரிய பெரிய பாடகர்களின் ஏப்பத்தையும் இருமலையும், வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிடுவதையும், பக்கத்துத் தெருவில் நாய் குரைத்ததையும் அவள் துடைத்துப் போட்டிருக்கிறாள். தொழிலில் அவளை எல்லோரும் வடிகட்டி என்றே கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகக்கூட. அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் இந்த மூச்சைக் கேட்டதும் அவள் கை தானாகப் போய் நாடாவை நிறுத்தியது. நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாள். இழுத்த மூச்சை விட வேண்டும் அல்லவா? இது இழுத்தது, விடவில்லை. நிதானமாக, அடிவயிறு வரை நிரப்பி, ஒரு பாடகன் பாட வாயெடுக்கும் முன் இழுப்பானே, அப்படி. அதற்குள் இரண்டாம் பாட்டின் கிடார் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்தக் குழுவில் பாடகனே கிடையாது.

நாலு பேர். இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். நாற்பது வருஷத்துக்கு முன்னால், மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபாக்டரிக்குள் இரவல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கி வைத்து, ஒரே நாளில் ஆறு பாட்டைப் பதிவு செய்தார்கள். சைக்கடெலிக் ராக் என்று பெயர். அவளுடைய அம்மா ஒருமுறை கேட்டுவிட்டு, லாரி கவிழ்ந்த சத்தத்தைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்றாள். வாங்கினார்கள். முந்நூறு இசைத்தட்டுதான் போட்டார்கள். இன்றைக்கு அதில் ஒன்று கைக்குக் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டில் மௌனமே கிடையாது என்பதைத்தான் பெரிய துணிச்சல் என்று எழுதினார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்கூடக் கிடாரை ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் பிடித்து ஊளையிட விட்டிருந்தார்கள். கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிஷம் ஓடும். அது முடிவதும் இல்லை. வழக்கமாகத் தட்டின் கடைசியில் ஊசி நடுவை நோக்கி ஓடி ஓய்ந்துவிடும். இதில் ஊசி ஓடும் கடைசிக் கோட்டை வட்டமாக மூடியிருந்தார்கள். யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்கும் வரை அந்த இரைச்சல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கம்பெனி அதை மறுபடியும் வினைலாகக் கொண்டுவருகிறது. வேலை அவளைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் அவளுடைய கணவர்.

அவர் வாசித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே குழு கலைந்துவிட்டது. குச்சிகளைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். தட்டைக் கேட்டாலோ கிடார்கள்தான் காதைக் கிழிக்கும். கணவரின் வாசிப்பு எங்கேயோ அடியில், சாக்குக்குள் போட்டுக் கட்டியதுபோல, முட்டி மோதிக்கொண்டு கிடக்கும். பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் கிடார்க்காரனைப் பற்றியே கேட்டுவிட்டுப் போவார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்குத்தான் வயிறு எரியும்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கை மட்டும் ஓயாமல் தட்டும். அது முன்பே உள்ள பழக்கம்தான். சாப்பாட்டு மேசையில், பேருந்துச் சன்னல் கம்பியில், தூக்கத்தில் அவள் தோளில் என்று, கல்யாணமான நாளிலிருந்து அந்த விரல்கள் சும்மா இருந்து அவள் கண்டதில்லை. டிரம்ஸ்காரனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் என்று முதல் மாதமே பழகிக்கொண்டாள். இப்போது டாக்டர் தசை இளக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் கொஞ்ச நேரம் அசந்து தூங்குவார், கையும் ஓயும். இன்னும் எத்தனை நாளோ, இருக்கும்போதே ஊர் அவருடைய கையைக் கேட்கட்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. அதற்காகத்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டாள். அது தன் அன்பு என்று நினைத்தாள். அன்புதான், யார் இல்லை என்றார்கள்?

விஷயத்தைச் சொன்ன அன்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"எதையும் தொடாதே. இருக்கறது இருக்கறபடியே போட்டுக் குடு."

"சரிங்க," என்றாள். வடிகட்டியிடம் போய் வடிகட்டாதே என்றால் கேட்பாளா?

வேலை அறை வீட்டின் பின்பக்கம். சன்னல் கிடையாது, சுவர் முழுக்கத் தடித்த பஞ்சுப் பலகை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் பகலா இரவா தெரியாது. வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. பழைய நாடாவின் புளித்த வாடை, சூடான இயந்திரங்களின் தூசி வாடை, காலையில் குடித்து வைத்த தேநீர்க் கோப்பையின் வாடை எல்லாம் கலந்து அங்கே எப்போதும் ஒரு மூடிய பெட்டிக்குள் இருப்பதுபோல இருக்கும். அந்த அறையில் அவள் சந்தோஷமாக இருப்பாள். நாடாவில் எட்டுத் தடங்கள் இருந்தன. இரண்டு கிடாருக்கும் பேஸுக்கும் ஒவ்வொரு தடம், டிரம்ஸுக்கு நாலு, எட்டாவது தடம் கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒற்றை மைக்குக்கு. அது அந்த ஐஸ் கிடங்கு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த மைக். இடைவெளிகளில் கிடாரின் ஊளையைத் தணித்துவிட்டு எட்டாவது தடத்தை ஏற்றினால் அந்தக் கிடங்கே எதிரே வந்து நிற்கும். ஈரச் சுவர், தகரக் கூரை, எங்கோ சொட்டுகிற தண்ணீர், காலை மாற்றி வைக்கிற பையன்கள். அப்படி ஏற்றியபோதுதான் அந்த மூச்சு கேட்டது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் அது மறுபடியும் வந்தது.

ஒரு சத்தம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று அது சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்தே அவளுக்குச் சொல்லத் தெரியும். முதல் மூச்சு கிடங்கின் மறுகோடியில், இரும்புக் கதவோரம் கேட்டது. இரண்டாவது அறையின் நடுவில். மூன்றாவது, பேஸ் வாசித்தவனின் முதுகுக்குப் பக்கத்தில். அதைக் கேட்டு முடிக்கும்போது அவள் தன் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பேஸ் வாசித்தவர் கணவரின் கூடப்பிறந்த தம்பி. கொழுந்தன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. கிடார்க்காரர்கள் இருவரும் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். ஓரகத்திக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? மாமா எப்படி இருக்கார்?"

"இருக்கார்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தத் தட்டு போட்டாங்களே, அப்ப இவங்ககூட யாராவது பாடறதுக்கு இருந்தாங்களான்னு கொழுந்தனார் எப்பவாவது சொன்னாரா?"

"அதைப் பத்தி அவர் வாயே தொறக்க மாட்டாரே அக்கா. பாட்டுங்கற பேச்சே ஆகாது. ஆனா சத்தம் வேணும். ராத்திரியெல்லாம் ரேடியோ ஓடணும், குழாயைக்கூட லேசா தொறந்து விட்டுத்தான் படுப்பார். தண்ணி பில்லைப் பாத்துட்டு நான் சண்டை போடுவேன்." ஓரகத்தி சிரித்தாள். "அந்த வீட்டு ஆம்பளைங்களுக்கே சத்தம்தான் தாலாட்டு. உங்களுக்குத் தெரியாததா?"

அவளும் சிரித்தாள். வைத்துவிட்டு, கூடத்தில் கணவரின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எப்போதும் கேட்கிற தட்டல்தான். அன்றைக்குத்தான் அது தாளமாகத் தோன்றவில்லை. சும்மா இடைவெளி விழாமல் அடைத்துக்கொண்டே போவதுபோல இருந்தது.

சாயங்காலம் அவருக்குத் தேநீர் கொண்டுபோனாள். மஞ்சள் வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது, தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், மேல்வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்தினார்கள். பயப்பட ஒன்றுமே இல்லாத சாயங்காலம்.

"என்னங்க, அந்த ஐஸ் ஃபாக்டரில நீங்க நாலு பேர் மட்டுந்தானே இருந்தீங்க?"

தட்டல் நின்றது.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், அவர் விழித்திருக்கும்போது அந்தக் கை நின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி இருக்கும். பிறகு முன்னைவிட வேகமாக, கோப்பை கிணுகிணுக்கும்படி, தட்டத் தொடங்கியது.

"நடுவுல இருக்கறதைத் தொட்டியா?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

"வடிகட்டற வேலையெல்லாம் மத்தவங்களோட வெச்சுக்க. இதுல வேணாம். சொன்னாக் கேளு."

அவர் எப்போதும் அதட்டுகிற ஆள் இல்லை. அதனாலேயே அவளுக்கு உறைத்தது. ஆனால் கூடவே கோபமும் வந்தது. முப்பது வருஷ உழைப்பைப் பார்த்து வேணாம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டாரே. நோய் வந்த மனுஷன், எதையெதையோ நினைத்துக் கலங்குகிறார், தட்டு கையில் வந்ததும் தன் வாசிப்பைக் கேட்டு மனம் இளகிவிடும் என்று அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். தேநீரை அவர் தொடவில்லை. ஏடு படிந்து ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை அவள் அறைக்குள் போய் இரண்டு கதவையும் சாத்தினாள். இன்றோடு முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. ஊளையை எல்லா இடைவெளியிலும் எடுத்தாள். தொழில் முறைப்படி, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு நொடி சுத்தமான மௌனம் வைத்தாள். அந்த மௌனத்தில் மிஞ்சிய மூச்சையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். கிடார்களை ஒதுக்கி அவருடைய டிரம்ஸை மேலே கொண்டுவந்தாள். கொண்டுவந்ததும் அழுதுவிட்டாள். அவ்வளவு நன்றாக வாசித்திருந்தார். இருபத்திரண்டு வயசுப் பையன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல வாசித்திருந்தார்.

கடைசிப் பாட்டின் முடிவில் வட்டமாக மூடிய கோட்டை எடுத்துவிட்டு, இரைச்சலை மெல்லத் தணித்து, நீளமான மௌனத்தில் ஓடி ஓயும்படி வைத்தாள். எல்லாத் தட்டும் அப்படித்தான் முடியும். அதுதான் ஒழுங்கு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்ததையெல்லாம் எறிந்துவிட மாட்டார்கள்; தனியே ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, கடைசியில் அதையும் ஒரு தடவை கேட்பார்கள். அழுக்கோடு நல்லதும் போய்விட்டதா என்று பார்ப்பதற்காக. அவர்கள் அதைக் கழிவு என்பார்கள். பெரும்பாலும் வெறும் சொரசொரப்பும் வெடிப்பும்தான் இருக்கும். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கழிவை ஓட விட்டாள்.

எடுத்த மூச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்து இடைவெளி, ஐந்து மூச்சு. ஆனால் ஐந்தாகக் கேட்கவில்லை. முதலாவது விட்ட இடத்தில் இரண்டாவது பிடித்தது. இரண்டாவது விட்ட இடத்தில் மூன்றாவது. தொடுப்பே தெரியவில்லை. அது ஒரே மூச்சு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்கள் வாசித்த நேரமெல்லாம் கிடாருக்கு அடியில் அது இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இரும்புக் கதவோரத்திலிருந்து நடந்து வந்துகொண்டே. நடுவில். தம்பியின் முதுகில். கிடார்களுக்கு இடையில். ஐந்தாவது, டிரம்ஸுக்கு நேர் பின்னால்.

அவள் திரையைப் பார்த்தாள்.

கழிவு முடிந்திருக்க வேண்டும். திரையில் கோடு முடிந்துவிட்டது. காதில் மட்டும் இன்னும் ஓடியது. இப்போது அதில் கிடங்கின் ஈரச் சுவர் இல்லை, தகரக் கூரை இல்லை, எதிரொலியே இல்லை. காதோடு வாய் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

மௌனம். பஞ்சுச் சுவர்களின் மௌனம். தன் இதயம் அடிப்பது அவளுக்குக் கேட்டது. கழிவை அழித்தாள். அழித்ததா என்று மூன்று தடவை சரிபார்த்தாள். வயசாகிறது, காது களைத்துவிட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தன் குரல் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது. எழுந்து முகம் கழுவினாள். மத்தியானத்துக்குள் வேலையைக் கம்பெனிக்கு அனுப்பியும்விட்டாள். அப்படியே விட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருடைய டிரம்ஸ் அதில் இருந்ததே, அவள் எப்படி விடுவாள்?

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் அவள் மிக்ஸியை நிறுத்தும்போதெல்லாம், குளிர்பெட்டியின் மோட்டார் ஓயும்போதெல்லாம், காது நிமிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் மட்டும், காலை பத்து மணி இருக்கும், அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், கை படுக்கையில் மல்லாந்து கிடந்தது. தெருவில் எதேச்சையாக எல்லாமே ஒரே நேரத்தில் ஓய்ந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், இருட்டே இல்லாத இடத்தில், ஏதோ ஒன்று கொஞ்சூண்டு காற்றை உள்ளே இழுத்தது. விட்ட இடத்திலிருந்து.

கையிலிருந்த துணியை உதறினாள். படபடவென்று உதறினாள். நிறுத்த மனம் வரவில்லை. அவர் விழித்துக்கொண்டு கட்டிலில் தட்டத் தொடங்கும் வரை அதே துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

சோதனைத் தட்டு வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன் ஒன்றிரண்டு போட்டு அனுப்புவார்கள். கேட்டுச் சரி சொன்னால்தான் மேலே நடக்கும். வெள்ளை உறை, நடுவில் வெற்று வட்டத் தாள். சோதனைத் தட்டைக் கேட்கும்போது வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் அணைத்துவிடுவது அவள் வழக்கம். கோட்டில் தூசி அளவு பிசிறு இருந்தாலும் அப்போதுதான் தெரியும். மின்விசிறி, குளிர்பெட்டி, ஃபோன், எல்லாம் அணைத்தாள். குளிர்பெட்டியைக் கடைசி வரை தள்ளிப்போட்டுத்தான் அணைத்தாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கல்யாணப் பெண்ணின் பரபரப்பு. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எங்கே கூட்டிட்டுப் போற?"

"வாங்களேன். உங்க கையைக் கேக்கப் போறோம்."

"மாத்திரை போட்டிருக்கேன்மா. கண்ணைச் சுத்துது."

"உக்காந்து கேட்டாப் போதும்."

இரண்டு கதவையும் சாத்தினாள். ஊசியை வைத்தாள்.

முதல் பாட்டில் அவர் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே மலர்ந்தது, அதை அவள் கண்ணால் பார்த்தாள். தன் கையைத் தானே முதல் தடவையாகக் கேட்கிற மனுஷனின் முகம். "அடேயப்பா," என்றார் மெதுவாக. "நானா இது?" அவளுக்கு இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்றிருந்தது. பாட்டு முடிந்தது. இரண்டு நொடி மௌனம் வந்தது.

அவர் முகம் அப்படியே விழுந்தது.

"சத்தம் எங்கே?"

"எடுத்துட்டேங்க. பாருங்க, எவ்வளவு சுத்தமா..."

இரண்டாம் பாட்டு தொடங்கிவிட்டது. அவர் ஏதோ சொன்னார், அவருடைய டிரம்ஸே அதை மூடிவிட்டது. இடது கையை நாற்காலிக் கையில் வைத்துத் தட்டப் பார்த்தார். மாத்திரை. விரல் தாமதமாக எழுந்தது, தாமதமாக விழுந்தது. அவள் பயந்துபோய் ஊசியைத் தூக்கினாள்.

"தூக்காதே," என்றார். சத்தம் போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. "ஓட விடு. எது ஓடினாலும் சரி. அது பாடறதுக்குத்தான் வந்துச்சு. நாங்க இடம் குடுக்கல. யாருமே இடம் குடுக்கல. நாலு பேரும் அதுக்கப்புறம்..." மூச்சு வாங்கினார். "கதவைத் தொற. தெருச் சத்தம் வரட்டும். சீக்கிரம்."

ஊசியைத் திரும்ப வைப்பதா, கதவைத் திறப்பதா? கதவுக்கு ஓடினாள். முதல் கதவின் தாழைப் பிடித்தாள். பின்னால் அவர் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. டக். டக். டக்.

டக்.

அவள் தாழோடு நின்றாள்.

அடுத்தது வரவில்லை.

அவளுக்குப் பின்னால், அந்தப் பஞ்சுச் சுவர்களுக்குள், எதிரொலியே இல்லாமல், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். விட்ட இடத்திலிருந்து.

திரும்பினாள்.

அவர்தான் இழுத்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. நெஞ்சு எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. விலா எலும்புகள் விரிகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பாம்புச் செவி அல்லவா. ஒரு வருஷமாக நேராக உட்கார முடியாத முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தது. விழுந்துபோன வலது கை எழுந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டது. வாய் திறக்கத் தொடங்கியது.

"என்னங்க," என்றாள்.

கண்கள் அவளைப் பார்த்தன. அவர் கண்கள்தான். உள்ளே அவர் இருந்தாரா என்று சொல்ல முடியவில்லை.

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள்.

மூச்சு நின்றது. விடவில்லை. இழுத்தபடி நின்றது.

மறுபடி அடித்தாள். மறுபடி. இரண்டு கையாலும். தாளம் தெரியாது அவளுக்கு, இதுநாள் வரை ஒரு தட்டுக்கூடத் தட்டியதில்லை. டப். டப். டப். நிறுத்திவிட்டுக் கதவுக்கு ஓடலாம் என்று ஒருமுறை கையை எடுத்தாள். அந்த அரை நொடியில் வாய் இன்னும் ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டின் அடியில் ஒரு சுருதி.

கையை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று? அந்த அறையில் பகல் தெரியாது. உள்ளங்கை தோல் வழன்று மேசையில் ஈரம் பட்டது. தோள் மரத்துவிட்டது. உதவி என்று கத்திப் பார்த்தாள். அவள் கட்டிய சுவர்கள், அவள் போட்ட கதவுகள். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. அவரை விட்டுவிட மனம் வரவில்லை, அது அவருடைய நெஞ்சு, அதில் தலை வைத்துத் தூங்கியவள் அவள். அழுதாள். அழுதுகொண்டே அடித்தாள். அடி தளர்ந்தது. டப். டப். டப்.

எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. இமைக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாசிக்கிறவள் முடிக்கட்டும் என்று காத்திருக்கிற பாடகனின் மரியாதையோடு, அவளுடைய ஒவ்வொரு அடிக்கும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.